வீட்டிலிருந்தே எம். ஏ.

ஆங்கில இலக்கியத்தில் எம். ஏ. பட்டம் பெற வேண்டும் என்ற ஆசை நம் குடும்பங்களில் அநேகருக்கு உண்டு. கலியாணத்தினால் படிப்பை நிறுத்திய பெண்மணிகளும், பி. ஏ.வுடன் உத்தியோகத்தில் அமர்ந்துவிட்ட வாலிபர்களும், வீட்டிலிருந்தபடியே படிக்க எந்தச் சர்வகலாசாலை சிறந்தது என்று கேட்கிறார்கள். விளம்பரங்களை நம்பினால் எல்லாமே சிறந்தவைதான்!

இம்முறை புதிதன்று. லண்டன் சர்வகலாசாலை 1858-லேயே வெளியூர் மாணாக்கருக்குப் பட்டம் அளிக்க முற்பட்டது. நம் தேசத்தில் டில்லி சர்வகலாசாலை 1962-ல் தபால் கல்வியை ஆரம்பித்தது. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் பட்டம் கல்லூரிப் பட்டத்துக்குச் சமமே என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் அறிவித்துமிருக்கிறது. ஆகவே தபால் பட்டம் தாழ்ந்தது என்ற பழைய அபிப்பிராயத்தை விட்டுவிடலாம்.

ஆனால் அங்கீகாரம் என்பது இன்ன பாடத்துக்கு, இன்ன ஆண்டுக்கு என்று அளிக்கப்படுவது. ஸ்தாபனத்தின் பெயர் பெரிதாயிருந்தால் மட்டும் போதாது. மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு வெளியிடும் ஜாபிதாவில் நாம் சேரும் பாடமும் ஆண்டும் உள்ளனவா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

அடுத்தபடி, நமக்கு வேண்டியது இலக்கிய ஞானமா, கதை எழுதும் பயிற்சியா என்று தீர்மானிக்க வேண்டும். எம். ஏ. முக்கியமாகப் பிறர் எழுதியதைப் படிக்கும் படிப்பு. எழுத்துப் பயிற்சிக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அமெரிக்காவில் காடர்ட் கல்லூரி 1976-ல் ஒரு வழி கண்டது. மாணாக்கர் ஆண்டில் சில நாட்கள் மட்டும் கூடுவர். மற்ற நாட்களில் தாம் எழுதியதை ஓர் எழுத்தாளருக்கு அனுப்பி, அவருடைய விமரிசனத்தைப் பெறுவர். அக்கல்லூரி 2024-ல் மூடப்பட்டுவிட்டது. எனினும் அம்முறை அங்கே பல கல்லூரிகளில் இன்றும் நடைபெறுகிறது.

எம். ஏ.வுக்கும் இந்த நியாயமே பொருந்தும். அச்சிட்ட பாடங்களைப் போன்றவற்றை எந்த நூல் நிலையத்திலும் பெறலாம். நம் எழுத்தைக் கூர்ந்து வாசித்து, "இங்கே வாதம் தளர்கிறது" என்று ஓரத்தில் குறித்தனுப்பும் ஆசிரியரை நூல் நிலையத்தில் பெற முடியாது. ஆகவே சேருமுன் விசாரிக்க வேண்டியவை இவை: கட்டுரைகளைத் திருத்துபவர் யார்? எத்தனை நாளில் திரும்பி வரும்? மார்க்கு மட்டும் வருமா, குறிப்பும் வருமா? முன்பு படித்தவர்களைக் கேட்டால் உண்மை தெரியும். இந்திரா காந்திப் பல்கலைக்கழகத்தில் வீட்டுக் கட்டுரைகளுக்கு நூற்றுக்கு 30 பங்கு, பரீட்சைக்கு 70. கட்டுரைகளை விலைக்கு வாங்கி அனுப்புவோரும் இருக்கிறார்கள். அவர்கள் கட்டிய பணத்தில் படிப்பை விட்டுக் காகிதத்தை மட்டும் பெறுகிறார்கள்.

ஆங்கிலம் கற்பது தாய்மொழியை மறப்பதற்காக அன்று. ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட இந்திய இலக்கியத்துக்குத் தாள் உள்ள பாடத்திட்டமானால் அதையே தேர்ந்தெடுங்கள். நம் நூல்களை உலகுக்குக் கொண்டு செல்லத் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் அநேகர் வேண்டும்.

கடைசியாகக் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது கணக்கு. எட்டுக் கிரெடிட் கொண்ட ஒரே தாளுக்குத் தினம் இரண்டு மணி வீதம் நான்கு மாதம் ஆகும். வீட்டுத் தலைவி படிக்கச் சேர்ந்தால், அந்த இரண்டு மணி நேரம் அடுப்பங்கரையை யார் பார்ப்பது என்பதை, விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன்பே எல்லோரும் கூடித் தீர்மானித்துவிடுங்கள்.