ஹீலலிகேவோடு நிற்கும் புறநகர் ரெயில் பாதை: ஓசூர் வந்தால் வேப்பனப்பள்ளிக்கு என்ன லாபம்?

வேப்பனப்பள்ளி,

பெங்களூருவில் கம்பெனி வேலை, கட்டிட வேலை என்று போகிற வேப்பனப்பள்ளி ஆட்கள் விடியும் முன்பே பஸ் ஏறியாக வேண்டும். முதலில் கிருஷ்ணகிரி. அங்கிருந்து சூளகிரி வழியாக சுமார் 50 கி.மீ. ஓசூர். அப்புறம் ஜுஜுவாடி, அத்திப்பள்ளி, சந்தாபுரா என்று டிராபிக்கில் ஊர்ந்து போகணும். சம்பளத்தில் ஒரு பங்கு பஸ்சுக்கே போய்விடுகிறது. தூக்கமும் போச்சு.

"ரெயில்ல போகலாமே" என்று கேட்பீர்கள். சிக்கலே அங்குதான்.

பக்கத்து ரெயில் ஆந்திராவில்

கர்நாடகா, ஆந்திரா இரண்டு எல்லைக்கும் பக்கத்தில் இருக்கும் ஊர் வேப்பனப்பள்ளி. ஆனால் பக்கத்தில் உள்ள ரெயில் நிலையங்களில் ஒன்றான குப்பம் ஆந்திராவில் இருக்கிறது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கே ரெயில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில், 1905-ல் திருப்பத்தூரில் இருந்து கிருஷ்ணகிரிக்கு குட்டி ரெயில் ஓடியது. 1940-களின் தொடக்கத்துக்குள் அதுவும் போயே போச்சு. ஜோலார்பேட்டையில் இருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கு புதுப்பாதை என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது.

ஆக, நமக்கு மிச்சம் ஓசூர்தான்.

எல்லைக்கு முன்பே பிரேக்

பெங்களூரு புறநகர் ரெயில் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2020 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. மொத்தம் 4 பாதை, 148 கி.மீ., ரூ.15,767 கோடி. 2022 ஜூனில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். இதில் நம் பக்கம் வருவது 46.88 கி.மீ. நீளமுள்ள ஹீலலிகே - ராஜனகுண்டே பாதை. சந்தாபுரா பக்கத்தில் இருக்கும் ஹீலலிகேதான் கடைசி நிலையம். அதற்கு மேல் ஆனேக்கல் ரோடு, அதைத் தாண்டினால் ஓசூர். ஏற்கனவே தண்டவாளம் கிடக்கிறது, மின்கம்பியும் இருக்கிறது. ஆனாலும் புறநகர் ரெயில் திட்டம் எல்லைக்கு முன்பே நின்றுவிட்டது.

மெட்ரோ கதையும் இதேதான். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்தது. அதை ஓசூருக்கு நீட்டலாமா என்று சென்னை மெட்ரோ ஆய்வு செய்தது. பெங்களூரு மெட்ரோ தண்டவாளம் ஓரத்தில் 750 வோல்ட்டில் ஓடுகிறது. சென்னை மெட்ரோ மேல்கம்பியில் 25 ஆயிரம் வோல்ட்டில் ஓடுகிறது. இரண்டும் ஒட்டாது என்று சொல்லப்படுகிறது. ஆனால் புறநகர் ரெயிலுக்கு இந்தச் சாக்கு செல்லாது. ஓசூர் பாதையிலும் அதே 25 ஆயிரம் வோல்ட், அதே அகலப்பாதைதான்.

சூலூர்பேட்டைக்கு ஒரு நியாயமா?

மாநில எல்லை தாண்டி லோக்கல் ரெயில் ஓடாதா? தாராளமாக ஓடும். சென்னை மின்சார ரெயில் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவின் தடா, சூலூர்பேட்டை வரை போகிறது. சென்னைக்கு வேலைக்கு வரும் ஆந்திரக்காரர் சீசன் டிக்கெட்டில் வந்து போகிறார். ஓசூருக்கு மட்டும் ஏன் முடியாது?

காரணம் இரண்டு. ஒன்று, சூலூர்பேட்டை ரெயிலை ரெயில்வேயே ஓட்டுகிறது. பெங்களூரு திட்டத்தை நடத்துவது கர்நாடக அரசும் ரெயில்வேயும் சேர்ந்த 'கே-ரைடு' நிறுவனம். செலவில் கர்நாடகாவின் பங்கு 20 சதவீதம். தமிழ்நாட்டுக்குள் வரும் பாதைக்கு அந்தப் பங்கை யார் கொடுப்பது? இரண்டாவது, பையப்பனஹள்ளி - ஓசூர் ஒற்றைப் பாதையில் எக்ஸ்பிரசுக்கும் கூட்ஸ் வண்டிக்குமே இடம் போதவில்லை என்ற நெருக்கடி. அதற்காகத்தான் 48 கி.மீ. இரட்டைப் பாதைத் திட்டம் கொண்டு வந்தார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஓசூர் நிலையம் இருப்பது தமிழ்நாட்டில். நிர்வாகமோ தென்மேற்கு ரெயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில். கோரிக்கை மனுவைக்கூட பெங்களூருக்குத்தான் அனுப்பணும்.

என்ன செய்யலாம்?

புறநகர் திட்டத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. இரட்டைப் பாதை முழுசாகக் கைக்கு வந்ததும் காலை, மாலை ஷிப்ட் நேரத்துக்குக் கூடுதல் மெமு ரெயில் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். நீட்டிப்புச் செலவு பற்றி இரண்டு மாநில அரசும் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. ஓசூருக்கு எத்தனை ரெயில் வந்தாலும், அந்த நேரத்துக்கு வேப்பனப்பள்ளியில் இருந்து நேராக ஸ்டேஷன் வாசலுக்குப் பஸ் இல்லை என்றால் நமக்குப் பிரயோஜனம் இல்லை. ரெயிலுக்கு டெல்லியும் பெங்களூரும் மனசு வைக்கணும். பஸ் விட சென்னை மனசு வைத்தால் போதும். அதையாவது முதலில் கேட்டு வாங்குவோம்.