ஏழைப் பிள்ளைக்கு விளையாட்டு வேண்டாமா?

"கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தேகப்பயிற்சி தனியாக எதற்கு? அது பள்ளிக்கு நடந்து போகிறது, தண்ணீர் சுமக்கிறது, தம்பி தங்கையைத் தூக்கி வளர்க்கிறது. உடல் அசையாமல் கெடுவது காரில் போகும் பணக்காரப் பிள்ளைதான்!" என்று கற்றவர்களே பேசக் கேட்கிறோம். நியாயம்போல் ஒலிக்கும் இப்பேச்சு ஓர் அநீதியை மூடி வைக்கும் போர்வை என்பதே நம் கருத்து.

உழைப்பு வேறு, விளையாட்டு வேறு. குடம் சுமக்கும் சிறுமி வீட்டின் தேவைக்காக நடக்கிறாள். பந்தின் பின்னே ஓடும் சிறுமி தன் மகிழ்ச்சிக்காக ஓடுகிறாள். விளையாட்டில் மூச்சும் கண்ணும் காலும் அறிவும் ஒன்றாகப் பழகுகின்றன. தோல்வியைத் தாங்கவும் பிறரோடு கூடி வெல்லவும் பிள்ளை கற்கிறது. குடம் இவற்றுள் எதைக் கற்பிக்கிறது?

அரபு மொழியில் உடற்பயிற்சிக்கு 'ரியாளா' என்று பெயர். குதிரைக் குட்டியைப் பழக்குவதற்கு வழங்கிய சொல் அது. உள்ளத்தைப் பண்படுத்துவதற்கும் அதே சொல்தான். 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பை விளக்கியிருப்பதும் 'ரியாளத்துன் நஃப்ஸ்' என்ற பகுதியில்தான். ஓதி முடித்த பிள்ளையைக் களைப்புத் தீர விளையாட விட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிக்க வைத்தால் உள்ளம் செத்து அறிவு மழுங்கும் என்றும் அவர்கள் அங்கே எச்சரிக்கிறார்கள். இந்த எச்சரிக்கையில் ஏழை, செல்வர் என்ற பாகுபாடு இல்லை.

இன்றைய மருத்துவ உலகமும் அதையே சொல்கிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 146 நாடுகளின் மாணவர்களை ஆராய்ந்து 2019இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, 2016இல் 11 முதல் 17 வயதினருள் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. ஆண்களில் 78, பெண்களில் 85. இந்தியச் சிறுமியர் மற்றப் பல நாட்டுச் சிறுமியரைவிடச் சற்று மேலான நிலையில் இருப்பதாக அந்த ஆய்வு கண்டது. காரணம் என்னவாம்? வீட்டு வேலையாக இருக்கலாமாம்! பாத்திரம் தேய்ப்பதும் தரை துடைப்பதும் கணக்கில் உடற்பயிற்சியாகிவிட்டன. இதைக் கண்டு நாம் பெருமை கொள்வதா, வெட்கப்படுவதா?

கும்மிடிப்பூண்டியைப் பாருங்கள். சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலை அதிகாரியின் மகன் வேனில் பள்ளிக்குப் போகிறான். மாலையில் கட்டணம் செலுத்தி இறகுப்பந்தோ நீச்சலோ பழகுகிறான். ஒப்பந்தத் தொழிலாளியின் மகனோ லாரிகள் விரையும் சாலையோரமாக, உருக்காலைப் புகையைச் சுவாசித்தபடி நடக்கிறான். பிழைப்புத் தேடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒற்றை அறையே வீடும் முற்றமும். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் நெருங்கி நிற்கும் வரிசை வீடுகள். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற் சூளைகளில் வளரும் பிள்ளைகளுக்குச் சூளைக்களமே விளையாட்டுக் களம். இவர்களெல்லாம் 'நன்றாக ஓடியாடுகிறார்கள்' என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

இவர்களுக்கு எஞ்சியிருப்பது பள்ளியின் பி.டி. பீரியட் ஒன்றுதான். அதையும் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்கி, திருப்பித் தராமலே விட்டுவிடுகிறார்கள். வசதியுள்ள பிள்ளை இழந்ததை மாலையில் பணம் கொடுத்து மீட்டுக்கொள்கிறது. ஏழைப் பிள்ளைக்கு அது போனது போனதுதான்.

சட்டமும் இங்கே கைவிட்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆனால் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் என்றும் வரையறுக்கிறது. நூறு தேறாத சிற்றூர்ப் பள்ளியில் படிப்பவர்கள் யார்? ஏழைகளே அல்லவா?

அரசைக் குறை கூறிவிட்டு நம் சமுதாயம் தப்பிவிட முடியாது. பழவேற்காட்டிலானாலும் பொன்னேரியிலானாலும், பள்ளி விட்டால் மக்தப், மக்தப் விட்டால் டியூஷன் என்று பிள்ளையின் மாலைப் பொழுதை நாமே பங்கு போட்டுவிடுகிறோம். மகள் பருவமடைந்ததும் அவளுடைய ஓட்டத்தையே நிறுத்திவிடுகிறோம். மார்க்கம் தடுக்கிறது என்பவர்களை வினவுகிறோம்: நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூதில் நீங்கள் ஓதியதில்லையா? ஒழுக்கம் காக்க ஒரு மதிற்சுவரும் ஒரு பெண் பயிற்சியாளரும் போதும். விளையாட்டையே விலக்க வேண்டியதில்லை.

செய்யக் கூடியவை பல. ஜமாஅத்துகள் தம் பள்ளிக்கூட வளாகங்களை மாலையில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடலாம். வாரத்தில் சில நாட்களைப் பெண் பிள்ளைகளுக்கே ஒதுக்கலாம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கிராமிய விளையாட்டுப் பயிற்சியும் அப்பணிகளுள் ஒன்று. சிப்காட் ஆலைகளிடம் நாம் கேட்பது தர்மம் அன்று. அவர்களுக்காக உழைப்பவர்களின் பிள்ளைகளுக்கு உரிய பங்கு.

பெற்றோரே! பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கும், பாதி இடம் பெண்களுக்கும் உரியது என்று அதே கல்விச் சட்டம் விதித்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குத் தாய்மார்கள் தவறாமல் செல்லுங்கள். தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதற்கு முன், "இந்த வாரம் எங்கள் பிள்ளைகள் எத்தனை மணி நேரம் விளையாடினார்கள்? எங்கள் பெண் பிள்ளைகள் எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.