கம்ப்யூட்டருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறோம். கம்ப்யூட்டருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஏன்?

கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களை இயக்கி வந்தது "விண்டோஸ் 10". அதற்கு இலவசமாக அளித்து வந்த பாதுகாப்பு உதவியை, 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி முடித்துக்கொண்டது. "விண்டோஸ் 11-க்கு மாறுங்கள்" என்றது.

ஆனால், பழைய கம்ப்யூட்டர் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பது இல்லை. இன்டெல் கம்பெனியின் பிராசசர் என்றால், பெரும்பாலும் 8-வது தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும்.

"பிராசசரை மட்டும் மாற்றினால் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள்.

பணம் பாழாவது இங்கேதான்!

உட்காரும், ஓடாது!

பிராசசர், கம்ப்யூட்டரின் மூளை. அந்த மூளை உட்காரும் பலகைதான் மதர்போர்டு. உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர்.

2015-ல் வந்த இன்டெல் 6-வது தலைமுறை பிராசசரின் சாக்கெட்டில் 1,151 முனைகள் உண்டு. 2017-ல் 8-வது தலைமுறை வந்தது. அதற்கும் 1,151 முனைகள்தான்!

பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பழைய பலகையில் புதிய பிராசசர் உட்காரும். ஆனால் கம்ப்யூட்டர் ஓடாது. மின்சாரம் பாயும் முனைகளின் அமைப்பு மாறிவிட்டது.

6-வது தலைமுறைக்கு வந்த பலகை, 7-வது தலைமுறை வரைதான் ஏற்கும். ஆகவே பலகையையும் சேர்த்து மாற்ற வேண்டும். செலவு கூடும்!

இன்னொரு கம்பெனியின் கதை

ஏ.எம்.டி. கம்பெனி வேறு வழியில் போனது. 2017-ல் வந்த அதன் "ஏ.எம்.4" பலகைகள் பலவற்றில், 2020-ல் வந்த ரைசன் 5000 வரிசையைக்கூடப் பொருத்தலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. பலகையில் பதிந்துள்ள "பயாஸ்" என்ற புரோகிராமை முதலில் புதுப்பிக்க வேண்டும். பழைய பிராசசரைக் கழற்றும் முன்பே அதைச் செய்துவிட வேண்டும். கழற்றிய பிறகு என்றால், பல பலகைகளில் திரையே தெரியாது!

வாங்கும் முன் என்ன செய்வது?

1. பலகையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அது பலகை மீதே அச்சாகி இருக்கும்.

2. பலகையைச் செய்த கம்பெனி, அதற்குப் பொருந்தும் பிராசசர்களின் பட்டியலை இன்டர்நெட்டில் வெளியிட்டிருக்கும். அதில் நீங்கள் வாங்கப்போகும் பிராசசர் உண்டா என்று பாருங்கள். எந்தப் பயாஸ் வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும்.

3. பலகையை மாற்றுவதானால் ராமையும் கவனியுங்கள். டி.டி.ஆர்.4 ராம், டி.டி.ஆர்.5 பலகையில் நுழையாது.

4. லேப்டாப் என்றால், பெரும்பாலும் பிராசசரை மாற்ற முடியாது. பலகையோடு பற்றவைத்திருப்பார்கள்.

கடைக்காரர் "பொருந்தும்" என்றால், "பட்டியலில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாக பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பத்து நிமிட வேலைதான். அதற்குள் பல ஆயிரம் ரூபாய் மிச்சம்!