வாவிக்கரையில் இருந்து கடல் புத்தகம் வாசித்தல்

அறக்குளா எண்டா மட்டக்களப்பில் சின்னப் புள்ளைக்கும் தெரியும். சந்தையில் விலையைக் கேட்டுப் பெருமூச்சு விட்டுட்டு, கடைசியில் அரைக் கிலோவாவது வாங்கிப் போற மீன். அதே மீன் சென்னையில் அச்சான புத்தகத்தில் வஞ்சிரம். தூத்துக்குடியில் சீலா. குமரிப் பக்கம் நெய்மீன். கடல் பற்றி ஆசையாக ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுக்கிற நம்மட தம்பி, தான் நேற்று மத்தியானம் சோத்தோட தின்ற மீனைப் பற்றித்தான் அந்தப் பக்கம் பேசுது எண்டு தெரியாமலே தாளைப் புரட்டிப் போவான்.

கேக்கிறதுக்குச் சின்ன விஷயம். ஆனால் கடல் புத்தகங்கள் பற்றி நான் சொல்ல நினைக்கிறது எல்லாமே இந்தப் பெயரில்தான் தொடங்குது. கடலைப் பற்றி நல்ல புத்தகங்கள் நிறைய இருக்கு, வாசிக்கத்தான் வேணும். ஆனால் வாவிக்கரையில் இருந்து வாசிக்க வேணும். அந்த அறிவை நம்மட தண்ணிக்கு, நம்மட சொல்லில் இறக்கி வைக்கிற வேலையை நாமதான் செய்ய வேணும். அது நடக்காத வரைக்கும், எத்தனை திமிங்கலம் பற்றி வாசிச்சாலும் நாம கடலைப் படம் பார்க்கிற ஆக்கள்தான்.

நம்மட ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் நிதானமாக வாசிச்சுப் பாருங்க. மட்டக்களப்பு எண்ட பெயருக்குள்ளேயே களப்பு இருக்கு. கடல் தண்ணியும் ஆத்துத் தண்ணியும் கலந்து நிற்கிற ஆழமில்லாத நீர்நிலைக்கான சொல். பாசிக்குடாவில் பாசியும் இருக்கு, குடாவும் இருக்கு. பாலமீன்மடுவில் மீனும் மடுவும். முகத்துவாரம், வாவி கடலைப் பார்த்து வாய் திறக்கிற இடம். எழுவான்கரை, படுவான்கரை எண்டு சூரியனை வச்சு இரண்டு கரைக்கும் பெயர். பஸ் பலகையில் நாம தினமும் வாசிக்கிற இந்தப் பெயர்களை வச்சவர்கள் தண்ணியை வருஷக்கணக்காக உற்றுப் பார்த்த ஆக்கள். சூழலியல் எண்ட பாடம் வாறதுக்கு முன்னமே அது இங்க ஊர்ப்பெயராக இருந்திருக்கு.

சொல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன எண்டு கேட்கிறவர்களுக்கு 2004 டிசம்பர் 26 ஐ ஞாபகப்படுத்த வேண்டியிருக்கு. இலங்கையில் மட்டும் 30,000 க்கு மேற்பட்ட உயிர்கள். நாவலடியும் டச்பாரும் கல்லாறும் அந்தக் காலையை இன்னும் மறக்கல்ல. அண்டைக்கு நம்மில் பலருக்குச் 'சுனாமி' எண்ட சொல்லே தெரியாது. ஆனால் ரேச்சல் கார்சன் 1951 இல் வெளியிட்ட 'நம்மைச் சூழ்ந்த கடல்' எண்ட ஆங்கில நூலில் இது இருக்கு. 1946 ஏப்ரல் முதலாம் திகதி ஹவாய்த் தீவுகளில் அலைச் சத்தம் திடீரெண்டு அடங்கிப் போனதையும், கரையில் இருந்து தண்ணி உள்வாங்கினதையும், தூரத்துக் கடலடி நிலநடுக்கத்தால் வந்த பேரலை மறுகா கரையை அடிச்சதையும் அவர் எழுதியிருக்கிறார். நம்மட கரைக்கு அலை வாறதுக்கு 53 வருஷத்துக்கு முன்னால.

அந்தப் பக்கத்தை வாசிச்சிருந்தா எல்லாரும் தப்பியிருப்பாங்க எண்டு நான் சொல்ல வரல்ல. எல்லாக் கரையிலும் கடல் முதலில் உள்வாங்குறதில்லை. சில இடத்தில் முதல் வாறதே அலைதான். ஆனால் ஒரு அலையோட அது முடியாது, அடுத்தடுத்து வரும் எண்டு தெரிஞ்ச ஒருத்தர் கரையில் நிற்கிறதுக்கும், தெரியாதவர் நிற்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

இந்தோனேசியாவின் சிமெலு தீவு நிலநடுக்க மையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் அங்க இறந்தவர்கள் ஏழு பேர். 1907 இல் அந்தத் தீவை ஒரு பேரலை அடிச்சிருந்தது. அந்த அனுபவத்தை அவர்கள் 'ஸ்மோங்' எண்ட ஒரு சொல்லாக்கி, கதையாக்கி, தாலாட்டாக்கிப் புள்ளைகளுக்குக் குடுத்து வந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினா மலைக்கு ஓடு. அவ்வளவுதான் அந்தப் பாடம். புத்தகம் இல்லை, தாய்மொழியில் ஒரு சொல் இருந்தது. நம்மிடமும் 'கடல்கோள்' எண்ட சொல் இருந்தது. அதை நாம தமிழ் இலக்கிய வகுப்பில் குமரிக்கண்டத்துக்காக மட்டும் ஒதுக்கி வச்சிருந்தோம். கரைக்குக் கொண்டு வரல்ல.

சரி, புத்தகங்களுக்கு வருவோம். கார்சனின் முதல் நூல் 'கடற்காற்றின் கீழே', 1941 இல் வந்தது. அதில் மூன்று பகுதி: ஒன்றில் கரைப்பறவைகள், ஒன்றில் ஒரு மாக்கரல் மீன், கடைசியில் ஒரு விலாங்கு. உள்நாட்டுக் குளம் ஒன்றில் வருஷக்கணக்காக வளர்ந்த விலாங்கு, காலம் வந்ததும் ஆறு வழியே இறங்கிக் கடலுக்குப் போய் ஆழத்தில் முட்டையிடுது; குஞ்சுகள் திரும்ப நன்னீரைத் தேடி வருதுகள். நான் மட்டக்களப்புப் புள்ளைகளிடம் முதலில் குடுக்க விரும்புறது இந்தப் பகுதியைத்தான். ஏனெண்டா அது சொல்றது ஆத்துக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற வாசலின் கதை. நம்மட வாவியின் கதையும் அதுதான்.

வடக்கே பன்குடாவெளியில் இருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிற வாவி இது. கடலோடு பேசுறதுக்கு இரண்டு வாய்தான்: ஒன்று பாலமீன்மடுவுக்குப் பக்கத்தில் முகத்துவாரம், மற்றது கல்லாறு. கோடையில் மண்திட்டு வாயை அடைச்சிடும். மாரியில் வெள்ளம் உடைக்கும், இல்லாட்டி நாம வெட்டுவோம். இறால் முட்டையிடுறது கடலில். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் இந்த வாயால் உள்ளே வந்து, கண்டல் வேருக்குள்ளும் சாதாளைக்குள்ளும் ஒளிச்சு வளர்ந்து, பெருத்ததும் திரும்பக் கடலுக்குப் போகும். கொடுவாவும் முகத்துவார உப்புத் தண்ணியைத் தேடிப் போய்த்தான் முட்டையிடும். இன்னொரு புதினமும் இருக்கு. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருஷத்தில் பெண்ணாக மாறுற மீன். பெரிய கொடுவா பெரும்பாலும் பெண். வளர விடாமல் சின்னதிலேயே எல்லாத்தையும் பிடிச்சா முட்டையிட ஆள் இல்லை. இதை ஒரு ஒன்பதாம் வகுப்புப் புள்ளைக்கு அஞ்சு நிமிஷத்தில் விளங்கப்படுத்தலாம்.

இப்ப முகத்துவாரம் வெட்டுற சண்டையை யோசிச்சுப் பாருங்க. அடைமழைக்குப் படுவான்கரை வயல் தாண்டு போகும். 'வாயை வெட்டு' எண்டு கமக்காரர் கேட்பாங்க. நேரத்துக்கு முன்னால் வெட்டினா தண்ணி இழுபட்டுப் போய்த் தொழில் படுத்திடும் எண்டு மீன்பிடிக்கிற ஆக்கள் சொல்வாங்க. இரண்டு பக்கமும் பொய் சொல்லல்ல. எப்ப வெட்டுறது, எவ்வளவு அகலத்துக்கு வெட்டுறது, எப்படித் திரும்ப மூடும் எண்டதெல்லாம் ஒரு நாளில் முடிவாகி, அடுத்த வருஷத்து இறாலில் விடை வரும். அந்த முடிவைப் பேசுற இடத்தில் வெள்ள அளவு இருக்கும், அதிகாரி இருப்பார், பெக்கோ இயந்திரம் இருக்கும். இறால் குஞ்சு எந்த மாதம் உள்ளே வரும் எண்டு தோணியில் இருக்கிறவருக்குத் தெரியும். ஆனால் அது எழுத்தில் இல்லாட்டி அறிவு எண்டு யாரும் எண்ணமாட்டாங்க. கடல் புத்தகம் எண்டது நம்மட இடத்தில் ஓய்வு நேர வாசிப்பு மட்டும் இல்லை எண்டு நான் சொல்றது இதனால்தான்.

இறால் பண்ணை விஷயமும் இப்படித்தான். புத்தளத்தில் வாவியோரக் கண்டலை வெட்டிக் குளம் கட்டினாங்க, காசு கொட்டிச்சு. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்து தொழிலை அடிச்சுப் போட்டுது. கைவிட்ட குளங்கள் மிஞ்சின. வாகரையில் பண்ணைக்கு எதிராகச் சனம் எழும்பினபோது 'அபிவிருத்திக்கு எதிரானவர்கள்' எண்டு சொல்றது லேசாக இருந்தது. புத்தளத்துக் கதை நம்மட வாசிகசாலையில் ஒரு சின்னப் புத்தகமாக இருந்திருந்தா, அப்படிச் சொல்றது இவ்வளவு லேசாக இருந்திருக்காது.

தமிழில் என்ன இருக்கு எண்டு கேட்டா, நல்லதாகவே இருக்கு. கடலியல் ஆய்வாளர் நாராயணி சுப்ரமணியன் எழுதிய 'ஆழ்கடல்' விஞ்ஞானத்தைத் தெளிவான தமிழில் சொல்லலாம் எண்டதுக்கு சாட்சி. குமரிக் கரையில் இருந்து வந்த விலங்கியல் பேராசிரியர் வறீதையா கான்ஸ்தந்தின், மீனவர்களின் அறிவை அறிவு எண்டே மதிச்சு எழுதுறவர். நாவல்களையும் நான் இந்த அலுமாரியில்தான் வைப்பேன். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' லாஞ்சிக்கும் வள்ளத்துக்கும் இடையில் வருகிற மோதலைக் காட்டுது. ஜோ டி குருஸின் 'ஆழிசூழ் உலகு' ஒரு பரதவக் கிராமத்தின் பல தலைமுறையைச் சொல்லுது. அதில் காற்றும் நீரோட்டமும் கதாபாத்திரம் மாதிரி. நம்மட பக்கத்தில் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவுக் கரையில் பருவத்துக்கு வந்து வாடி போடுற தொழிலாளிகளைச் சொல்லுது. மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' சொந்தத் தோணிக்கு ஏங்குற ஒரு மீனவப் பையனின் கதை. கடலில் மீன் எவ்வளவு இருக்கு எண்டு விஞ்ஞான நூல் சொல்லும். அந்த மீன் யாருக்குப் போகுது எண்டு 'தோணி' சொல்லும். இரண்டும் தெரியாமல் கடல் தெரியும் எண்டு சொல்லக்கூடாது.

குறையும் இருக்கு. தமிழ்நாட்டுப் புத்தகம் மன்னார் வளைகுடாவையும் குமரியையும் பார்த்து நிற்குது. அது அவர்களின் பிழை இல்லை, அவர்கள் தங்கட கரையை எழுதுறாங்க. நம்மட மீன்களுக்குப் பெயர் போட்ட புத்தகமும் இருக்கு: இயன் மன்றோ 1955 இல் வெளியிட்ட இலங்கை மீன்கள் நூல், ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் வெளியிட்ட கடல்வள அடையாள வழிகாட்டி. இரண்டிலும் தமிழ்ப் பெயர் உண்டு. ஆனால் புத்தகம் ஆங்கிலம். நம்மட சொல் அங்க விருந்தாளி மாதிரி ஒரு ஓரத்தில் குந்தியிருக்கு.

பாடும் மீன் கதையிலும் இதுதான் நடந்தது. 1848 செப்டம்பரில் எமர்சன் டெனன்ட் எண்ட பிரித்தானிய அதிகாரி மட்டக்களப்பு வாவியில் இரவில் தோணியில் போய் அந்த ஓசையைக் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கிற மாதிரி எண்டு எழுதினார். என்ன சத்தம் எண்டு கேட்டதுக்கு மீனவர்கள் சொன்னது மீன் இல்லை, ஊரி. சிப்பி வகை. அதையும் அவர் எழுதிட்டார். மறுகா வந்த நாம அந்த ஊரியை மறந்து, மீன்மகளை மட்டும் சின்னமாக வச்சுக்கொண்டோம். விஞ்ஞானப் பட்டதாரியான விபுலானந்த அடிகள் இந்த ஓசையை வச்சு நீரரமகளிர் பாட்டு எழுதினார். பாட்டு வேணும், அழகாக இருக்கு. ஆனால் மீனவர் குடுத்த விடையைச் சோதிச்சுப் பார்க்கிற ஒரு தலைமுறையும் வேணும். 'மீன்பாடும் தேன்நாடு' எண்டு மேடையில் முழங்குற நாம, வாவிக்குள் நீரடி ஒலிவாங்கியை இறக்கிப் பார்க்கிற புள்ளைகளை உருவாக்கினா அடிகளாருக்கும் அது சந்தோஷமாகத்தான் இருக்கும்.

'இங்கிலிஷ் படிச்சா முடிஞ்சுது, எல்லாம் கூகிளில் இருக்கு' எண்டு சிலர் சொல்வாங்க. இங்கிலிஷ் படிக்கத்தான் வேணும், கார்சனை மூலத்தில் வாசிக்கிற சுகம் வேற. ஆனால் கூகிளில் இருக்கிறது யாரோ ஏற்றினது மட்டும்தான். எந்தக் காற்றுக்கு ஓரா கரைக்கு வரும், எந்த மடுவில் முந்தி மணலை கூடும், எந்த வருஷத்தோட அது குறைஞ்சது எண்டது அங்க இல்லை. அது அத்தாங்கு பிடிச்சு இறால் வடிக்கிற ஒரு பெத்தாவின் வாயில் இருக்கு. அவங்க போனா அந்த அலுமாரி மூடிடும்.

அதனால் ஒரு யோசனை. இருபது பேர் சேர்ந்தா போதும். ஒவ்வொருவரும் தன் ஊரில் பத்து உயிரின் பெயரை எழுதிக்கொண்டு வரட்டும்: மீன், நண்டு, ஊரி, கண்டல், நீர்ப்பறவை, எதுவும். பெயரோடு சேர்த்து எந்த மாதம், எந்த இடம், எந்த வலை, முந்தி எப்படி, இப்ப எப்படி. சொன்னவர் சம்மதிச்சா அவர் பெயரும் போடுவோம். மற்ற ஊர்ப் பெயரையும் அறிவியல் பெயரையும் பக்கத்தில் தேடிப் போடுவோம். விஞ்ஞானம் படிச்சவர்களிடம் குடுத்துத் திருத்துவோம். இருநூறு பெயர் சேர்ந்தா அது ஒரு புத்தகம். பாடசாலை நூலகத்துக்கு ஒரு பிரதி, நூலகம் இணையச் சேமிப்புக்கு ஒரு பிரதி, மீனவர் சங்கக் கட்டடத்துக்கு ஒரு பிரதி.

வாற மாரிக்கும் மழை பெய்யும், வாவி நிரம்பும், முகத்துவாரம் வெட்டுறது பற்றிக் கூட்டம் வைப்பாங்க. அந்த மேசையில் மழை அளவுக் கடதாசிக்குப் பக்கத்தில் நம்மட புத்தகமும் கிடக்க வேணும். இறால் குஞ்சு எப்ப உள்ளே வரும் எண்ட பக்கத்தை விரிச்சு, 'இதையும் பாருங்க ஐயா' எண்டு சொல்ல நம்மில் ஒருத்தராவது அங்க இருக்க வேணும்.