ஊசி நூலோடு ஒரு வரலாற்றாசிரியர்



1977-ம் ஆண்டு, கனடாவை ஒட்டிய லாப்ரடார் கடல். பனிக்கட்டி குத்தி ஒரு சிறு படகில் ஓட்டை விழுந்துவிட்டது. இரவெல்லாம் தண்ணீரை இறைத்துக் களைத்தவர்கள், விடிந்ததும் ஊசியும் நூலும் எடுத்தார்கள். ஒருவர் விளிம்பில் கவிழ்ந்து, விறைக்கும் நீரில் கையை விட்டுத் தைக்க, ஒட்டுத்தோல் ஓட்டையை மூடியது. ஆம், அந்தப் படகே மாட்டுத்தோல் படகுதான்.

அதைக் கட்டியவர் வரலாற்று எழுத்தாளர் டிம் செவரின். 1940-ல் அஸ்ஸாமில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோதே மார்கோ போலோ போன வழியில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டவர். ஆறாம் நூற்றாண்டு அயர்லாந்துத் துறவி பிரெண்டன், தோல் படகில் மேற்கே போய் ஒரு நிலத்தைக் கண்டதாக ஒரு பழங்கதை உண்டு. ‘அப்படிப் போக முடியுமா?’ என்பதுதான் செவரினின் கேள்வி. ஓக் பட்டையில் பதனிட்ட 49 தோல்களைத் தைத்து, 36 அடிப் படகு செய்தார். 1976 மே மாதம் அயர்லாந்தில் கிளம்பி, குளிர்காலத்துக்குப் படகை ஐஸ்லாந்தில் நிறுத்திவைத்து, 1977 ஜூனில் நியூஃபவுண்ட்லாந்தில் கரையேறினார். பிரெண்டன் போனார் என்று இதனால் நிரூபணமாகிவிடாது. போயிருக்க முடியும் என்பது உறுதியானது. இந்த வேறுபாட்டை மறைக்காமல் எழுதிய நேர்மைக்காகவே அவரை மதிக்கிறேன்.

அடுத்து வந்தது, அரபுக் கதைகளின் மாலுமி சிந்துபாத் வழியில் ஒரு பயணம். மலபாரில் மரம் தேடி, ஓமானின் சூர் நகரில், ஓர் ஆணிகூட அடிக்காமல், தென்னைநார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்து ‘சோஹார்’ கப்பலைக் கட்டினார். 1980 நவம்பரில் மஸ்கட்டை விட்டு, இலங்கையின் காலி துறைமுகம் தொட்டு, 1981 ஜூலையில் சீனாவின் கான்டனை அடைந்தார். வழியில் காற்று அடியோடு நின்றுபோனபோது மழைநீரைப் பிடித்துக் குடித்தார்கள்.

ஒவ்வொரு பயணமும் நூலானது. மேடைகளில் உரையும் ஆனது. 2020-ல் அவர் காலமானார்.

கயிற்றால் தைத்த படகு நமக்குப் புதிதா என்ன? துறைமுகம் கட்டுவதற்கு முன் சென்னையில் கப்பல் பயணிகளை அலை தாண்டிக் கரைசேர்த்தவை, அப்படித் தைத்த மசூலா படகுகள்தாம். அவற்றைக் கட்டிய கைகளின் பக்குவம் ஏட்டில் அதிகம் ஏறவில்லை. செவரினுக்குக் கைகொடுத்தவர்களும் தோல் பதனிடுவோர், கயிறு திரிப்போர், தச்சர்கள் போன்ற உழைப்பாளிகளே. அவர்கள் இல்லாமல் அவருடைய நூல்கள் இல்லை.

உங்கள் வீட்டிலோ ஊரிலோ படகு கட்டிய, வலை பின்னிய, பாய் தைத்த பெரியவர் இருந்தால், ஒரு மாலை அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்வதை, அவர் வாய்ச்சொல் மாறாமல் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அந்த வரலாற்றை அவர் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்