அனாமத்துக் கணக்கு

1969 செப்டம்பர். கனடாவின் டொரன்டோ நகரில் ஒரு பெரிய ராக் இசைத் திருவிழா. மேடையில் பாடிக்கொண்டிருந்த இளைஞரின் காலடியில் எங்கிருந்தோ ஒரு கோழி வந்து விழுந்தது. உயிருள்ள கோழி. டெட்ராய்ட்டில் பிறந்து, அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரத்தில் வளர்ந்த அந்தப் பட்டணத்துப் பிள்ளைக்குக் கோழியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதற்கு இறக்கை உண்டு என்பது மட்டும்தான். இறக்கை இருந்தால் பறக்கும் என்று நம்பிக் கூட்டத்தை நோக்கி வீசினார். கோழி பறக்கவில்லை. ரசிகர்கள் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் செய்தி எப்படி வந்தது தெரியுமா? பாடகர் கோழியின் தலையைக் கடித்து ரத்தம் குடித்தார்! அவருடைய ரெக்கார்டு கம்பெனியை நடத்திய ஃப்ராங்க் ஜாப்பா போன் போட்டு, நிஜமா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும், அப்படியானால் அதை யாரிடமும் சொல்லித் தொலைக்காதே என்றாராம். சம்பந்தப்பட்டவரே வருஷக்கணக்காகப் பேட்டிகளில் சொல்லிச் சிரிக்கும் கதை இது.

அவர் பெயர் ஆலிஸ் கூப்பர். பெண் பெயர்தான், ஆள் ஆண். அப்பா வைத்த பெயர் வின்சென்ட் ஃபர்னியர். அப்பா யார்? சர்ச்சில் பிரசங்கம் செய்கிற பாஸ்டர். இதை மறக்காமல் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை, கழுத்தில் மலைப்பாம்பு, மேடையில் கில்லட்டின் வைத்துத் தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ளும் வித்தை. 1972ல் பள்ளிக்கூடத்துக்கு நிரந்தர லீவு விடும் பாட்டு ஒன்று பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஒழுக்கக் காவலராக இருந்த மேரி வைட்ஹவுஸ் என்ற அம்மையார் அதைத் தடை செய்யச் சொல்லிக் கொடி பிடித்தார். விளம்பரம் செய்து கொடுத்ததற்கு நன்றி என்று கூப்பர் அவருக்குப் பூங்கொத்து அனுப்பினார். அடுத்த வருஷம் ஒரு எம்.பி., இந்த ஆளை நாட்டுக்குள்ளேயே விடாதீர்கள் என்றார். டிக்கெட் இன்னும் நன்றாக விற்றது.

இதெல்லாம் பழைய கதை. நான் சண்டை போட வந்தது 2000 ஜூனில் அவர் வெளியிட்ட ‘ப்ரூடல் ப்ளானெட்’ என்ற ஆல்பத்துக்காக.

அப்போது அவருக்கு வயது 52. அந்த வயதில் ராக் பாடகர்கள் என்ன செய்வார்கள்? பழைய ஹிட்டுகளைத் தூசி தட்டுவார்கள். இருக்கையில் சாய்ந்து கைதட்டும் கூட்டத்துக்கு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அதையே பாடுவார்கள். மனுஷருக்கு அந்த வசதியும் இருந்தது. 1994க்குப் பிறகு ஆறு வருஷம் புது ஸ்டூடியோ ஆல்பம் எதுவும் வரவில்லை. கோல்ஃப் ஆடிக்கொண்டே காலம் தள்ளியிருக்கலாம். (கோல்ஃப் நிஜமாகவே நன்றாக ஆடுவார்.) அவர் என்ன செய்தார்? அதுவரை செய்ததிலேயே மிகக் கனமான, மிக இருட்டான ஆல்பத்தோடு வந்து நின்றார். கிடார் சத்தம், கிரைண்டரில் அரிசிக்குப் பதிலாக ஜல்லியைப் போட்டு ஆட்டியதுபோல இருக்கும். முதல் தடவை கேட்டபோது என் ஸ்பீக்கர்தான் கிழிந்துவிட்டதோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஆனால் வார்த்தைகளைக் கேளுங்கள். முதல் பாட்டில் அவர் ஒரு டூரிஸ்ட் கைடு மாதிரி நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறார். இங்கேதான் தீர்க்கதரிசிகளைக் கல்லால் அடித்தோம், இங்கேதான் மனிதர்களைச் சிங்கத்துக்குப் போட்டோம், அதோ அங்கே சூளை மூட்டி யூதர்களை எரித்தோம் என்று கை நீட்டிக் காட்டிக்கொண்டே போகிறார். பூமி ஒரு காலத்தில் தோட்டமாக இருந்ததாம். பாஸ்டர் மகன் என்று சொன்னேனே! இது பேய் பிடித்தவனின் கூச்சல் இல்லை சார், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம். ஒலிபெருக்கியை மட்டும் கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டார்கள். சாத்தானின் ஆள் என்று இவரை முப்பது வருஷம் திட்டியவர்கள், தங்கள் சர்ச்சில் கேட்கும் அதே சமாசாரத்தை இவர் வாயில் கேட்டபோது அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

உணவு மலையாகக் குவிந்து அழுகுவதைப் பற்றி ஒரு பாட்டு. ஒருவரை ஒருவர் கடந்து போகும் மனித இயந்திரங்களைப் பற்றி ஒன்று. கட்டியவனிடம் அடிபட்டுக்கொண்டு வெளியே சிரிக்கும் பெண்ணைப் பற்றி மெதுவான பாட்டு ஒன்று. அடிபடும் மனைவியைப் பற்றி 1975லேயே ஒரு பாட்டுப் பாடியவர் அவர். இருபத்தைந்து வருஷம் கழித்தும் அதே விஷயத்தைப் பாட வேண்டியிருந்தது என்றால் குற்றம் யார் மேல்? எல்லாப் பாட்டும் தேறும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று வெறும் நிரப்பல். அந்தக் காலத்து இளவட்ட மெட்டல் குழுக்களின் சத்தத்தைக் கடன் வாங்கிப் பூசியிருக்கிறார் என்ற குற்றச்சாட்டிலும் நியாயம் உண்டு.

என் சண்டை ‘விக்கெட் யங் மேன்’ என்ற பாட்டைப் பற்றியது.

1999 ஏப்ரல் 20. கொலராடோ மாநிலத்தில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளி. அங்கே படித்த இரண்டு பையன்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்று, தங்களையும் சுட்டுக்கொண்டார்கள். உடனே டி.வி.க்காரர்கள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மர்லின் மேன்சன்! அவரும் பெண் பெயர் வைத்துக்கொண்டு மை பூசும் ஆள்தான். கூப்பரின் வழியில் வந்த வாரிசு. பையன்கள் இவர் பாட்டைக் கேட்டுத்தான் கெட்டார்கள் என்றார்கள். அவர் மிச்சமிருந்த கச்சேரிகளை ரத்து செய்தார். அந்தப் பையன்கள் அவருடைய ரசிகர்களே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: வேறு சில இரைச்சல் குழுக்களின் பாட்டுகளை அவர்கள் கேட்டார்கள். அதே பாட்டுகளை அதே வருஷம் லட்சக்கணக்கான பையன்கள் கேட்டுவிட்டு, சாப்பிட்டு, ஹோம்ஒர்க் எழுதாமல் தூங்கப் போனார்கள்.

கூப்பரின் பாட்டில் அப்படியொரு பையன்தான் பேசுகிறான். நான் ஆடும் கேம் காரணமில்லை, பார்க்கும் படம் காரணமில்லை, கேட்கும் பாட்டும் காரணமில்லை. நான் கெட்டவன், அவ்வளவுதான் என்கிறான். இதைக் கேட்டு, பாடகன் கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று சண்டைக்கு வருபவர்களுக்குக் காதில் ஏதோ கோளாறு. ஒளிந்துகொள்ள இருந்த கதவுகளை ஒவ்வொன்றாக அந்தப் பையனே சாத்திக்கொள்கிறான்.

நான் படித்தது பி.காம். முதல் வருஷத்திலேயே ஒரு குறுக்கு வழி சொல்லிக்கொடுப்பார்கள். இருப்பாய்வு எவ்வளவு கூட்டினாலும் டேலி ஆகவில்லையா? வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போடு. அப்போதைக்கு இரண்டு பக்கமும் சமமாகிவிடும். ஆனால் வாத்தியார் கூடவே ஒன்று சொல்வார்: பிழை எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, அந்தக் கணக்கை நேர் செய்து முடிக்க வேண்டும். வருஷக்கணக்காக அனாமத்திலேயே வைத்திருந்தால் அதற்குப் பேர் கணக்கு இல்லை, ஃப்ராடு.

அமெரிக்கா ராக் இசை என்ற பெயரில் ஓர் அனாமத்துக் கணக்கு வைத்திருக்கிறது. நெவாடாவில் 1985ல் இரண்டு இளைஞர்கள் துப்பாக்கியால் தங்களைச் சுட்டுக்கொண்டார்களா? ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் பாட்டுக்குள் ரகசியக் கட்டளை ஒளிந்திருக்கிறது என்று கேஸ். 1990ல் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். அந்த இரண்டு பேர் கைக்குத் துப்பாக்கி அவ்வளவு சுலபமாக எப்படி வந்தது என்பதற்கு ஊர் கூடிக் கேஸ் போட்டதாகத் தெரியவில்லை.

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். 1985ல் டிப்பர் கோர் என்ற அம்மையாரும் சில அரசியல்வாதிகளின் மனைவிமார்களும் சேர்ந்து பாட்டுகளுக்கு எதிராக இயக்கம் தொடங்கினார்கள். செனட்டில் விசாரணை நடந்தது. நம் கோழிக்கதை ஜாப்பாவே போய் எதிர்த்து வாதாடினார். அம்மையார் ஜெயித்தார். பெற்றோர்களே ஜாக்கிரதை என்ற கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் ஆல்பங்கள் மேல் ஏறியது. பதினாலு வருஷம் கழித்து, கொலம்பைன் முடிந்த அடுத்த மாதம், அவருடைய கணவர் அல் கோர் துணை அதிபராக செனட்டில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கிச் சந்தைகளில் வாங்க வருகிறவனின் பின்னணியை விசாரித்த பிறகே விற்க வேண்டும் என்ற திருத்தம் 50க்கு 50 என்று நிற்க, இவர் தன் ஓட்டைப் போட்டு ஜெயிக்க வைத்தார். கொலம்பைன் பையன்களின் நான்கு துப்பாக்கிகளில் மூன்று அப்படிப்பட்ட சந்தையில், 18 வயதுத் தோழி ஒருத்தி மூலம், விசாரணை எதுவுமில்லாமல் வாங்கியவை. பிரதிநிதிகள் சபைக்குப் போனதும் சமாசாரம் செத்தது. மனைவி கேட்ட ஸ்டிக்கர் கிடைத்தது, கணவர் கேட்ட சட்டம் கிடைக்கவில்லை. பாட்டுக்கு எச்சரிக்கை ஒட்டுவது சுலபம். பாட்டுக்காரனுக்கு ஓட்டு வங்கி கிடையாது.

வால்மார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய ஆல்பங்களை எங்கள் கடையில் விற்க மாட்டோம் என்றது. நல்லது. அதே கடையில் ரைஃபிள் விற்றது. 1996ல் ஷெரில் க்ரோ என்ற பாடகி, அந்தக் கடையில் வாங்கிய துப்பாக்கியால் குழந்தைகள் சாகிறார்கள் என்று ஒரு பாட்டில் சொன்னதற்காக அவர் ஆல்பத்தையே விற்க மறுத்தது. துப்பாக்கி அலமாரியில் இருக்கலாம், துப்பாக்கியைப் பற்றிய பாட்டு இருக்கக் கூடாது!

இசைதான் காரணம் என்பவர்களிடம் நான் கேட்பது ஜப்பானைப் பற்றி. ஹெவி மெட்டலுக்கு ஜப்பான் எத்தனை பெரிய சந்தை என்பது இசை வியாபாரிகளுக்குத் தெரியும். வெட்டுக்குத்து வீடியோ கேம்களும் அங்கே குறைவில்லை. ஆனால் ஜப்பானில் துப்பாக்கியால் கொல்லப்படுகிறவர்கள் பல வருஷங்களில் பத்துப் பேர்கூட இல்லை. அங்கே துப்பாக்கி வாங்குவதற்குப் பாடாய்ப் படவேண்டும். இதற்குப் பதில் சொன்னவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

மேடையில் பொம்மைக் குழந்தைகளைக் கோடாலியால் வெட்டிக் காசு பார்த்தவர்தானே உங்கள் கூப்பர் என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயமான கேள்வி. பயத்தை விற்று வசதியாக வாழ்ந்த மனிதர் அவர். குடித்துக் குடித்து 1977ல் மனநல மருத்துவமனையில் படுத்தார். பிறகு குடியை விட்டு, அப்பாவின் மதத்துக்குத் திரும்பினார். 2012ல் ஃபீனிக்ஸில் அவரும் மனைவியும் நடத்தும் அறக்கட்டளை, பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாக இசையும் நடனமும் கற்றுத்தரும் மையம் ஒன்றைத் திறந்தது. இதனால் அவர் புனிதராகிவிட மாட்டார். ஆனால் கெட்டுப்போகும் பிள்ளைகளைப் பற்றிச் செனட்டில் மூக்கைச் சிந்தியவர்களில் எத்தனை பேர் இவ்வளவாவது செய்தார்கள்?

2007ல் வர்ஜீனியா டெக்கில் 32 பேர். 2012ல் நியூடவுன் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும். 2018ல் பார்க்லாண்டில் 17. 2022ல் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும். 2019 ஆகஸ்டில் எல் பாஸோவிலும் டேட்டனிலும் ஒரே வார இறுதியில் கொலைகள் நடந்தபோது அதிபர் டிரம்ப் வீடியோ கேம்களைக் கண்டித்தார். கணக்கின் பெயர் மாறியிருக்கிறது. பாட்டு போய் கேம் வந்திருக்கிறது.

அந்த ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டை மட்டும் என்னால் அடுத்தடுத்து இரண்டு தடவை கேட்க முடிந்ததில்லை. ‘பிக் அப் த போன்ஸ்’. கொசோவோ சண்டைக் காட்சிகள் டி.வி.யில் ஓடி ஓய்ந்த மறுவருஷம் வந்தது. எரிந்த வீட்டில் ஒரு மனிதன் தன் குடும்பத்தின் எலும்புகளைப் பொறுக்கிப் பழைய தலையணை உறையில் போட்டுக்கொண்டிருக்கிறான். ஒவ்வொன்றாக எடுத்து, இது யாருடையது என்று பார்க்கிறான். அந்தப் பாட்டில் கூப்பர் கத்தவே இல்லை.