மலைக்குளிரில் பிழைக்கும் அமீபா

1845-இல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள். சமவெளியின் காய்ச்சலும் பேதியும் குடும்பங்களை வாரிக்கொண்டு போனதால் மலையேறியவர்கள். குளிர்ந்த ஊரில் நோய் அண்டாது என்ற நம்பிக்கை இன்றும் சுற்றுலாப் பயணிகளிடம் இருக்கிறது.

சீதபேதி தரும் என்டமீபா ஹிஸ்டாலிட்டிகாவுக்கு அந்தக் குளிர்தான் வசதி. தொற்றுள்ளவரின் மலத்தோடு வெளியேறும்போது அது கெட்டியான கூட்டுக்குள் இருக்கும். ஈரமும் குளிர்ச்சியும் கிடைத்தால் வாரக்கணக்கில் சாகாது. கழிவுநீர் கலந்த ஓடை, அதில் அலசிய கேரட், சமைப்பவரின் கழுவாத கை என எந்த வழியிலும் அடுத்தவர் வாய்க்குள் போகலாம். வயிற்று அமிலம் கூட்டை ஒன்றும் செய்வதில்லை. சிறுகுடலில் கூட்டைவிட்டு வெளிவரும் அமீபா, பெருங்குடலில் குடியேறுகிறது. சிலருக்குக் குடல் சுவரைக் குடைந்து புண்ணாக்கும். ரத்தமும் சளியுமாகப் போகும். அரிதாக ஈரல்வரை சென்று சீழ்க்கட்டியாகிறது. பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. ஆனாலும் அவர்களிடமிருந்து நோய் பரவும்.

வெள்ளி நீர்வீழ்ச்சியில் கை நனைக்காமல் மலையேறுபவர் குறைவு. அங்கே விழுவது கொடைக்கானல் ஏரியின் உபரி நீர். அந்த ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்ற புகாரோ பல ஆண்டுப் பழசு.

தொற்றியபின் நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரமாகும். அதற்குள் பயணி ஊர் திரும்பியிருப்பார். பழி பக்கத்துத் தெரு ஓட்டலுக்குப் போகும். மலையில் யார் கணக்கிலும் அது ஏறாது. ஏறாத கணக்குக்கு எந்த நிர்வாகமும் பதறுவதில்லை.

சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை இருக்கிறது. நல்ல தடை, தொடர வேண்டும். ஆனால் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்ளும் நிர்வாகம், நம்பிக் குடிக்கும் தண்ணீரைக் கொடுத்தாக வேண்டும். வழக்கமான அளவு குளோரினுக்கு அமீபாவின் கூடு சாகாது. நுண்ணிய வடிகட்டி வேண்டும். குடிநீர் வழங்கும் இடங்களில் வடிகட்டியை மாற்றிய தேதியையும் பரிசோதனை முடிவையும் எழுதி ஒட்டுவது பெரிய செலவில்லை. ஏரிக்கு வரும் கழிவுநீரைத் தடுப்பது செலவுதான். அதைத் தள்ளிப்போடுவதில் நியாயம் இல்லை.

கொடைக்கானல் இருக்கும் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூட்டைக் கொல்ல அந்தச் சூடு போதும். தளதளவென மூன்று நிமிடம் கொதிக்க விடுவது பாதுகாப்பு. கடையில் வெந்நீர் என்று தருவது பல நேரம் வெறுமனே சூடாக்கியதாக இருக்கலாம். கொதிக்க வைத்ததா என்று கேட்டு வாங்குங்கள்.